ஏழு பெட்டிகள், ஒரு மணி வரைக்கும்

தொலைபேசிக் கூண்டுக்குள் யூட்சன் ஒற்றைக்காலில் நின்றான். மற்றக் காலால் கதவை நீக்கிப் பிடித்திருந்தான். மூடினால் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, கையிலிருந்த கொம்பியூட்டர் சஞ்சிகையின் பொடி எழுத்துத் தெரியாமல் போய்விடும். மறுமுனையில் ஹனோவரிலிருந்து அசோகன் என்றொரு மனுசன், முன்பின் முகம் தெரியாதவர், தன் வீட்டுக்கு வாங்கப்போகும் கொம்பியூட்டருக்கு என்ன பாகம் போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பி, கடைக்காரன் மெமரி முப்பத்திரண்டு காணும் எண்டுறான். நீர் அறுபத்திநாலு எண்டுறீர். நான் ஆரை நம்புறது?” “என்னை நம்புங்கோ அண்ணை. அவன் விக்கிறவன்.” அதைச் சொல்லும்போது யூட்சனின் குரலில் ஒரு பெரிய டொக்டரின் நிதானம் இருந்தது. அட்டையில் காசு முடியும்போது வருகிற கீச்சொலி கேட்டிராவிட்டால் அவன் இன்னும் அரைமணி நேரம் பேசியிருப்பான்.

1998ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஹனோவரிலும் அதன் அக்கம்பக்கத்திலும் தமிழர் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த கொம்பியூட்டர்களில் பதினொன்று யூட்சன் தெரிவு செய்தவை. அவற்றில் ஒன்றையாவது அவன் கண்ணால் கண்டானா என்றால், இல்லை. காண முடியாது. அவனுடைய அகதி வழக்கு மேல்முறையீட்டில் கிடந்து ஊறிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை அவன் தங்கியிருக்கும் மாவட்டத்தை விட்டு ஓர் அடி வெளியே வைக்கக்கூடாது என்று அவனுடைய மடித்து மடித்து நைந்துபோன அடையாளத்தாளில் அச்சடித்திருந்தார்கள். ஹனோவர் ரயிலில் ஐம்பது நிமிடம். நான்கு வருடத்தில் ஒரேயொரு தடவை போகப் பார்த்து, எல்லை தாண்டி இரண்டாவது நிலையத்திலேயே பொலிசிடம் பிடிபட்டான். இன்னொருதரம் பிடிபட்டால் அது குற்றமாகி வழக்கில் ஏறிவிடும், வழக்கும் அதோடு சரி என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தத் தண்டனை. யாரிடம் போய்ச் சொல்ல!

அகதி விடுதியை எல்லோரும் ஹைம் என்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் அங்கே சாப்பாட்டுப் பொதி வரும். அதற்குள் என்ன இருக்கவேண்டும் என்று யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து தீர்மானித்திருப்பார். அரிசி கேட்டால் பாலில் போட்டுக் காய்ச்சுகிற கட்டை அரிசி வரும், சோறாக்கினால் களி. கட்டில் அவர்கள் தந்தது. சப்பாத்து தேவாலயத்தில் தந்தது, அரை அளவு பெரிது. அறைத் தோழன் தபோதரன்கூட அவர்கள் தந்ததுதான். இந்த நாட்டில் யூட்சன் தானே பார்த்து, நல்லது கெட்டது யோசித்து, இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்லி எடுத்த பொருள் ஒன்று கிடையாது. அதனால்தான் தன் கொம்பியூட்டருக்கான பட்டியலை அவன் பதினொரு மாதம் எழுதினான். பழைய கடதாசித் தொட்டியில் எறிந்துகிடந்த சஞ்சிகைகளைப் பொறுக்கிவந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கைந்தை ஒப்பிட்டு, பேனையால் வெட்டி, திரும்பவும் எழுதினான். “டேய், ஆக்கள் பொம்பிளை பாக்கிறதுக்குக்கூட இவ்வளவு மினைக்கெடுறேல்லையடா” என்று தபோதரன் நக்கலடிப்பான். “சாதகம் பாத்தனியோ இதுக்கு?”

எல்லாம் ஒரு கார் ஓட்டும் விளையாட்டுக்காகத்தான். சின்னப் பட்டணத்துக் கடையொன்றில் காட்சிக்கு வைத்திருந்த கொம்பியூட்டரில் அதை அவன் கண்டான். மலை, பாலம், சுரங்கம், மறுபடி வெளிச்சம். சாலை போய்க்கொண்டே இருந்தது, யாரும் மறித்து அடையாளத்தாள் கேட்கவில்லை. இரண்டு மணிநேரம் விறைத்துப்போய் நின்றவனை விற்பனைக்காரன் வந்து தோளில் தட்டித்தான் அனுப்பினான். இரண்டு வருடம் உணவுவிடுதியில் கோப்பை கழுவிச் சேர்த்த காசை எடுத்து, ஹனோவரில் இருந்த சிநேகிதன் கொட்வினிடம் கொடுத்து, பாகம் பாகமாக வாங்குவித்தான். கொட்வின் நல்லவன், விசா உள்ளவன், கார் உள்ளவன். ஆனால் கடைக்காரன் வாய் திறந்தால் மயங்கிவிடுவான். கறுத்தப் பெட்டி கேட்டால் வெள்ளைப் பெட்டியோடு வந்து நிற்பான். “இதுதான் மச்சான் நல்லதாம்” என்பான். சவுண்ட் கார்டும் அப்படி, ஹார்ட் டிஸ்க்கும் அப்படி. ஆசையாய் எழுதிய பட்டியலில் பாதி கடைக்காரனின் பட்டியலாகிவிட்டது. யூட்சன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டி முடித்தான். மிச்சம் ஒன்றே ஒன்று, கொம்பியூட்டரின் மூளையான புறொசெசர்.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அவன் தெரிந்தெடுத்தது மலிந்த விலைச் சிப். முந்நூறு வேகம் என்று மேலே அடித்திருப்பார்கள். உள்ளே சிலதுக்கு நானூற்றைம்பது ஓடக்கூடிய தெம்பு இருக்கும். தொழிற்சாலைக்காரன் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பெட்டியில் அடைத்து, முந்நூறு என்று முத்திரை குத்தி விட்டுவிடுவான். எது ஓடும், எது மூச்சுத் திணறும் என்பதற்குப் பெட்டியின் ஓரத்தில் பொடியாக ஓர் இலக்கத்தொடர் உண்டு. எந்த நாட்டில், எந்த வாரத்தில் செய்தது என்று அதில் வாசிக்கலாம். யூட்சனுக்கு அந்த வாரங்கள் செபம்போல மனப்பாடம். கொட்வினுக்கு ரெலிபோனில் மூன்றுதரம் விளங்கப்படுத்தினான். “எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியுது மச்சான்” என்றான் கொட்வின். அன்று யூட்சனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “இந்த ஒண்டையாவது நான் என்ரை கண்ணாலை பாத்து, என்ரை கையாலை எடுக்கவேணுமடா! இந்த ஒண்டை!” கூண்டுக்கு வெளியே நாயோடு நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார்.

கொட்வின் ஓர் உதவி செய்தான். கடைக்காரனைப் பிடித்து, வெள்ளிக்கிழமை காலை வருகிற புதுச் சரக்கில் ஏழு பெட்டிகளை ஒரு மணி வரைக்கும் எடுத்துவைக்கச் சொன்னான். அதற்குப் பிறகு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவானாம். ஏழில் ஒன்றாவது நல்ல வாரத்தில் பிறந்திராதா? இனி ஹனோவர் போக ஒருநாள் அனுமதி வேண்டும். போன கோடையில் யூட்சன் உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தான், கொம்பியூட்டர் பாகம் வாங்க என்று. அலுவலகத்தில் இருந்தவர் சத்தம்போட்டே சிரித்துவிட்டு, இது அவசிய காரணமல்ல என்று திருப்பிக் கொடுத்தார். ஹைமில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது வெளியே போகவேண்டி வந்தால் ஒரு பெரியப்பாவோ மாமாவோ சாவார். தபோதரனின் சித்தப்பா மட்டும் மூன்றுதரம் செத்துவிட்டார், மனுசன் ஊரில், வட்டக்கச்சியில், கல்லுப்போல இருக்கிறார். யூட்சனுக்கு அது பிடிக்காது. தன் தகப்பன் உண்மையாகவே செத்தபோது அழுவதற்குக்கூட ஒரு நாள் கேட்டு வாங்க வழியில்லாமல் இருந்தவன் அவன்.

“அப்ப உண்மையான சாவு ஒண்டை எடு” என்றான் தபோதரன். கொட்வின் அனுப்பிய கடித உறைக்குள் அதற்கான தாளும் இருந்தது. தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலின் பிரதி. பேசாலையைப் பிறப்பிடமாகக் கொண்ட அந்தோனிப்பிள்ளை, ஐம்பத்தெட்டு வயது, ஹனோவர் ஆஸ்பத்திரியில் காலமானார், அடக்கம் வெள்ளி பதினொரு மணிக்கு. “சாவு உண்மை, அடக்கம் உண்மை, உறவு மட்டும்தான் பொய். அரைவாசிப் பொய்க்குக் கால்வாசிப் பாவம். எழுது.” யூட்சன் எழுதினான். இறந்தவர் உறவுமுறை என்ற இடத்தில் ஒன்கிள் என்று போட்டான். ஜேர்மன்காரருக்கு அது போதும், பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருக்கும் அவர்களிடம் அந்த ஒரு சொல்தான். அலுவலகத்தில் அன்று சிரிப்பில்லை. கைகுலுக்கி, ஆழ்ந்த அனுதாபம் சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். எவ்வளவு சுகம்! நான்கு வருடமாக உண்மை திறக்காத கதவை ஒரு பிணம் திறந்துவிட்டது.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பினது. புதன்கிழமைகளில் ஹைமுக்கு வந்து ஜேர்மன் சொல்லிக்கொடுக்கிற திருமதி ஹில்மருக்கு, அவர்கள் பாஷையில் பிறவு ஹில்மருக்கு, விஷயம் எட்டிவிட்டது. ஓய்வுபெற்ற ரீச்சர், தங்கமான மனுசி, ஆனால் அவருடைய அன்புக்குள் அகப்பட்டவர் தப்பியது கிடையாது. “தனியாக ரயிலிலா? இப்படிப்பட்ட நாளிலா? நான் விடமாட்டேன்” என்றார். வெள்ளி காலை எட்டரைக்கே கார் வந்து நின்றது. உள்ளே கறுத்த உடுப்பில் பிறவு ஹில்மர், பின்சீற்றில் வெள்ளைப் பூ வளையம். செத்துப்போன தன் கணவருடைய கறுத்தக் கோட்டை வேறு கொண்டுவந்திருந்தார். கை நீளம் விரல் நுனியை மூடியது. யூட்சன் போட்டுக்கொண்டான், வேறென்ன செய்வது? மாவட்ட எல்லைப் பலகையைக் கார் கடந்தபோது அவன் நெஞ்சு ஒருதரம் துள்ளியது. பிறவு ஹில்மர் ஒரு கையை ஸ்ரியரிங்கிலிருந்து எடுத்து அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். “அழ வேண்டுமென்றால் அழு” என்றார்.

பூசை முடிய நழுவிவிடலாம் என்பதுதான் அவன் கணக்கு. கொட்வின் காரோடு கல்லறைத்தோட்ட வாசலில் நிற்பான், கடைக்குப் பத்து நிமிடம். ஆனால் சிற்றாலயத்துக்குள் நுழைந்ததும் கணக்குப் பிழைத்தது. நூறு பேர் இருப்பார்கள், மூலையில் ஒதுங்கலாம் என்று நினைத்து வந்தவனுக்கு எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். முன்வரிசை முழுக்க வெறுமை. பிறவு ஹில்மர் நேரே குருவானவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். குருவானவர் முகம் மலர்ந்து வந்து, யூட்சனின் தோளைப் பிடித்து, முன்வரிசையில் நடுவில் இருத்தினார். “உறவென்று எங்களுக்கு யாருமே கிடைக்கவில்லை. நல்லவேளை வந்தீர்கள்” என்றார். ஒன்பது பேரின் பார்வையும் பிடரியில் ஊர்வதை அவன் உணர்ந்தான். முன்னால் இரண்டு மெழுகுதிரிகளுக்கு நடுவில் ஓர் ஆளைச் சுமந்த பலகைப் பெட்டி. அந்த ஆளின் முகம்கூட அவனுக்குத் தெரியாது. ‘மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா’ என்று மனதுக்குள் சொன்னான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான், வேறு செபம் வரவில்லை.

வெளியே தூறல். பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக அவன் நடக்கவேண்டியதாயிற்று. பக்கத்தில் ஓர் ஐம்பது வயதுப் பெண், தலையில் கறுத்த மெல்லிய துணி, கையில் செபமாலை, நடையைக் கூட்டி வந்து சேர்ந்துகொண்டார். அன்ரனிற்றா அக்கா என்று மற்றவர்கள் அவரைக் கூப்பிட்டது அவன் காதில் விழுந்திருந்தது. “தம்பி, ஒன்கிள் எண்டு அந்த மனுசி சொன்னவ. தாய்வழியோ, தேப்பன்வழியோ?” யூட்சன் அகப்பட்டுக்கொண்டான். தமிழ்ச் சனத்துக்கு முன்னால் ஒன்கிள் என்றொரு உறவே இல்லை என்பது, விண்ணப்பம் எழுதும்போது இந்த மடையனுக்கு ஏறவில்லையே! “மாமா” என்றான் மெதுவாக. அக்கா குரலைத் தாழ்த்தினார். “அந்தோனிப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த பெட்டையள் ஒருத்தரும் இல்லை. நான் பேசாலை. ரெண்டு வீடு தள்ளி.” யூட்சன் நின்றுவிட்டான். அவர் அவன் முழங்கையைப் பிடித்து நடத்தினார். “நில்லாதையும், சனம் பாக்குது. ஏன் வந்தீர், என்னத்துக்கு வந்தீர் எண்டு நான் கேக்கேல்லை. அந்தாளின்ரை பெட்டிக்குப் பின்னாலை நடக்கச் சொந்தமெண்டு ஒருத்தரும் இல்லாமல்தான் கிடந்தது. மருமோன் எண்டே இரும்.”

குழிக்கருகே சிறு கரண்டியை முதலில் அவன் கையில்தான் கொடுத்தார்கள். மண் ஈரமாய், கனமாய் இருந்தது. பிறகு ஒன்பது பேரும் வரிசையாக வந்து அவனுடைய கையைப் பிடித்தார்கள். ஒருவர், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவராம், போலந்துக்காரர், அவனைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதார். யூட்சனுக்கும் கண்ணீர் வந்துவிட்டது. யாருக்காக வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் பொய்க் கண்ணீர் அல்ல. தகப்பனுக்கு அழாமல் வைத்திருந்ததும் அதில் இருந்திருக்கலாம். வாசலில் கொட்வின் மணிக்கூட்டைத் தட்டித்தட்டிக் காட்டிக்கொண்டு நின்றான். பன்னிரண்டேகால். இன்னும் நேரம் இருந்தது.

அவன் புறப்படத் திரும்பினபோது அடக்கம் செய்விக்கிற ஜேர்மன்காரர், சாம்பல்நிறச் சூட் போட்ட மெலிந்த மனிதர், குறுக்கே வந்தார். ஒரு சின்னத் தோல்பெட்டி கையில். “ஐயா, சில நிமிடங்கள். நகரசபை எங்களிடம் ஒப்படைத்தபோது உறவினர் எவரும் இல்லை என்று சொன்னார்கள். அதனால் இலக்கம் எழுதிய ஒரு முளைக்கட்டையைத்தான் நடுவதாக இருந்தது. நீங்கள் வந்ததால், ஒரு சிலுவையைத் தெரிவு செய்யலாம். மரமும் எழுத்தும் உங்கள் விருப்பம்.” அன்ரனிற்றா அக்கா பின்னாலிருந்து தமிழில் சொன்னார்: “நாங்கள் போய்க் கேட்டனாங்கள் தம்பி, கோயில் ஆக்கள் எல்லாரும். உறவுக்காரர் கையெழுத்து வைக்கவேணுமாம். மற்ற ஆக்களுக்கு ஏலாதாம்.” ஜேர்மன்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், விலாசம், இறந்தவர் என்ன உறவு. கையெழுத்து வைப்பவர் கல்லறையைப் பராமரிக்கவும் பொறுப்பு, வருடத்தில் சில தடவையாவது வந்து பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சக் காலத்தில் புல் விதைத்துவிடுவார்கள். “ஒரு பிரதி நகரசபைக்குப் போகும். வழக்கம்தான்” என்றார்.

யூட்சன் படிவத்தை வாங்கவில்லை. கோப்பு என்றால் என்ன என்று நான்கு வருடத்தில் நன்றாய்ப் படித்தவன் அவன். இந்த நாட்டில் ஒரு கோப்பு இன்னொரு கோப்பைத் தேடிக் கண்டுபிடித்துக் கலியாணம் முடித்துவிடும். மாமா என்று எழுதி ஒப்பமிட்டால், என்றைக்கோ ஒருநாள் நீதிபதிக்கு முன்னால் அந்தத் தாள் வந்து கிடக்கும். உன் தாய்க்குச் சகோதரர் எத்தனை பேர் என்று முதல் விசாரணையில் கேட்டபோது ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். இல்லை, நான் யாரோ, இந்தாளை எனக்குத் தெரியாது என்று இப்பவே சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடலாம். அப்படிச் சொன்னாலும் அகப்பட்டதுதான். அனுமதியே பொய் என்று ஆகும், பிறவு ஹில்மர் ஈரக் கைக்குட்டையோடு பக்கத்திலேயே நிற்கிறார். சொன்னாலும் பொறி, சொல்லாவிட்டாலும் பொறி. மிஞ்சிய ஒரே வழி, இன்றைக்கு நேரமில்லை, பிறகு கடிதம் போடுகிறேன் என்று கைகுலுக்கிவிட்டுப் போவது. முளையும் இலக்கமும் நட்டுவிடுவார்கள். அந்தோனிப்பிள்ளை எழுந்து வந்து கேட்கப்போகிறாரா என்ன?

“பிறகு செய்யலாமா?” என்று கேட்டே விட்டான். “செய்யலாம். ஆனால் முளை திங்கட்கிழமை நடப்படும்” என்றார் அவர், குறையாகச் சொல்லாமல். பிறகு தோல்பெட்டியை, ஆட்கள் இருப்பதற்குப் போட்டிருந்த ஒரு வாங்கிலில் வைத்துத் திறந்தார். உள்ளங்கையளவு மரத்துண்டுகள், ஆறு, ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில். “அவசரப்பட வேண்டாம். எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அது. நான் காத்திருக்கிறேன்.” சொன்னபடியே அவர் இரண்டு அடி தள்ளிப்போய், குடையைச் சாய்த்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்து நின்றார்.

எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு எது சரியோ அது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எவரும் அவனிடம் சொல்லாத வார்த்தைகள். யூட்சன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். அழவேண்டும்போலவும் யாரையாவது அடிக்கவேண்டும்போலவும் இருந்தது. கேட்ட இடமெல்லாம் தராமல் வைத்திருந்து, இதற்குத்தானா தருகிறீர்கள்? கொட்வின் பொறுமை கெட்டு உள்ளேயே வந்துவிட்டான், சேற்றில் சப்பாத்துப் புதைய. “டேய், பன்னிரண்டு முப்பத்தஞ்சு. வெளிக்கிடுறியோ இல்லையோ? குடுத்திடுவான்ரா அவன்!”

“நீ போ” என்றான் யூட்சன்.

“நான் போய்? எனக்கு அந்த நம்பர் விளங்காதெண்டு உனக்குத் தெரியுமெல்லோ?”

“எதையெண்டாலும் எடு. இல்லாட்டி விடு.” கொட்வின் கையை விரித்தான். இதற்காகத்தானே இந்த விசரன் பதினொரு மாதம் உயிரை எடுத்தான்? அவன் அன்ரனிற்றா அக்காவைப் பார்த்தான், அக்கா தலையசைத்தார். கொட்வின் திரும்பி நடந்தான்.

யூட்சன் நீளக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு படிவத்தை வாங்கினான். உறவு என்ற இடத்தில் மாமன் என்று எழுதி, கீழே பெயரை எழுதி, ஒப்பமிட்டான். தூறல் ஒரு சொட்டு விழுந்து மையில் பரவியது, ஜேர்மன்காரர் பரவாயில்லை என்றார். பிறவு ஹில்மர் கைப்பைக்குள்ளிருந்து நாட்குறிப்பை எடுத்து, அடுத்த தடவை எப்போது கூட்டிவரவேண்டும் என்று திகதி தேட ஆரம்பித்துவிட்டார். யூட்சன் வாங்கிலுக்குப் பக்கத்தில் குந்தினான். முதல் துண்டை எடுத்து, திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தான். அடுத்ததை எடுத்தான். “இது எத்தனை வருஷம் மழைக்குத் தாங்கும்?” “பத்து.” “இது?” “அது ஓக் மரம். இருபது, கவனித்தால் அதற்கும் மேலே. ஆனால் காலம் போகக் கறுத்துவிடும்.” “கறுத்தால் எழுத்துத் தெரியுமோ?” “ஆழமாகச் செதுக்கினால் தெரியும்.” “தமிழ் எழுத்துச் செதுக்குவார்களா?” “எழுதித் தாருங்கள். பார்த்துச் செதுக்குவார்கள்.” அன்ரனிற்றா அக்கா செபமாலையைச் சுற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு, கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்.

வாசலில் கொட்வினுடைய கார் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. யூட்சன் நிமிரவில்லை. இரண்டு துண்டுகளை இரண்டு கையிலும் வைத்து, மழை நனைக்க நனைக்க, எது கனம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.